‘அதிகாரபூர்வ வரலாறு’ படத்தின் அலிசியா: தெரியாமல் இருந்தாளா, தெரிந்துகொள்ளாமல் இருந்தாளா?

நிழற்கூடம் எழுதியது:

லூயிஸ் புவென்சோ இயக்கி 1985இல் வெளிவந்த ‘லா இஸ்தோரியா ஓஃபிசியால்’, அதாவது ‘அதிகாரபூர்வ வரலாறு’ என்னும் அர்ஜென்டினப் படத்தை ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பிறகு சென்ற வாரம் மறுபடியும் பார்த்தேன். முதன்முறை பார்த்தபோது அது ஒரு தாயின் துயரக் கதையாகத்தான் என் மனத்தில் தங்கியது. இந்த முறை படம் முடிந்த பிறகும் ஒரு கேள்வி என்னை விடவில்லை என்பதால் அதை இங்கே வைக்கிறேன். கடைசிக் காட்சி வரை பேச வேண்டியிருக்கிறது. பார்க்க எண்ணியிருப்பவர்கள் பார்த்துவிட்டு வந்து படிப்பது நல்லது.

கதை நடப்பது 1983இல், புவெனஸ் அயர்ஸ் நகரில். 1976 மார்ச் 24 அன்று ஆட்சியைப் பிடித்த இராணுவம், 1982இல் மால்வினாஸ் (ஃபாக்லாந்து) தீவுகளுக்காகப் பிரிட்டனோடு போரிட்டுத் தோற்று, வேறு வழியின்றித் தேர்தலுக்கு ஒப்புக்கொண்டிருந்த காலம் அது. அலிசியா ஆண்கள் பள்ளியொன்றில் வரலாறு கற்பிக்கிறாள். கணவன் ரொபெர்த்தோ இராணுவத்தாரோடும் வெளிநாட்டு முதலாளிகளோடும் நெருங்கிப் பழகும் தொழிலதிபன். ஐந்து வயதுக் கேபியை, பிறந்த சில நாள்களில் அவன்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தான். எங்கிருந்து என்று அலிசியா கேட்கவில்லை. ஏழாண்டுகள் வெளிநாட்டில் வாழ்ந்துவிட்டுத் திரும்பும் பள்ளித்தோழி அனா ஓரிரவு தான் கடத்தப்பட்டதையும் வதைக்கப்பட்டதையும் சொல்கிறாள். சிறைபிடிக்கப்பட்ட கர்ப்பிணிகளின் குழந்தைகள், கேள்வி கேட்காமல் வாங்கிக்கொள்ளும் குடும்பங்களுக்குக் கொடுக்கப்பட்டன என்பதும் அந்தப் பேச்சில் வருகிறது. அதுவரை ஆடாமல் இருந்த வீடு அந்த நொடியிலிருந்து ஆடத் தொடங்குகிறது.

என் கேள்வி இதுதான். அனா சொல்லும்வரை அலிசியாவுக்கு உண்மையிலேயே ஒன்றும் தெரியாதா? தலைநகரில் படித்த, பணமுள்ள, வரலாறு கற்பிக்கும் ஒரு பெண், ஏழாண்டுக் காலம் தன் தெருவில் நடந்த எதையும் பார்க்காமல் இருந்திருக்க முடியுமா? படம் அவளை நம்மிடம் அப்பாவியாகக் கொடுக்கிறதா, குற்றவாளியாகக் கொடுக்கிறதா?


கரும்பலகை எழுதியது:

முப்பது ஆண்டுகளுக்கு மேல் வரலாற்று ஆசிரியனாக வேலை பார்த்தவன் என்ற முறையில், இந்தக் கேள்விக்கான விடை வகுப்பறைக் காட்சிகளில் இருப்பதாக நான் நினைக்கிறேன்.

மரியானோ மொரேனோவைப் பற்றிய பாடம் நடக்கும் காட்சியை நினைவுகூருங்கள். மொரேனோ 1810ஆம் ஆண்டு மே மாதம் அமைந்த முதல் தன்னாட்சிக் குழுவின் செயலாளர். அந்தக் குழுவில் இருந்தவர்களிலேயே தீவிரமானவர். உட்பூசலில் ஓரங்கட்டப்பட்டு, தூதுப்பணி என்ற பெயரில் இலண்டனுக்குக் கப்பலேறி, 1811இல் நடுக்கடலில் இறந்தார். உடலும் கடலில் விடப்பட்டது. நஞ்சூட்டப்பட்டார் என்ற ஐயம் அன்றிலிருந்து இன்றுவரை அங்கே உண்டு. வகுப்பில் ஒரு மாணவன் அதைச் சொல்கிறான். அலிசியா ஆதாரம் கேட்கிறாள். வரலாற்றை எழுதுகிறவர்களே கொலைகாரர்கள் என்பதால் ஆதாரம் இராது என்று அவன் பதில் சொல்கிறான். அவள் சினந்து ஒழுங்கு நடவடிக்கைக்கே போகப் பார்க்கிறாள்.

இந்தக் காட்சியில் அலிசியா முறையற்ற எதையும் கேட்கவில்லை என்பதுதான் என்னை உறுத்துகிறது. ஆதாரம் கேட்பது எங்கள் தொழிலின் அரிச்சுவடி. நானும் கேட்டிருக்கிறேன். தன் பாட்டனார் சொன்ன ஒரு செய்தியை வகுப்பில் சொன்ன மாணவனிடம், எந்த நூலில் இருக்கிறது என்று கேட்டு அவனை உட்கார வைத்திருக்கிறேன்; அவன் அந்த ஆண்டு முழுவதும் என் வகுப்பில் வாய் திறக்கவில்லை. தாள்கள் யாருடைய பெட்டகத்தில் இருக்கின்றன, எவற்றை எரித்திருப்பார்கள் என்பதைக் கேட்காமல், ‘தாள் எங்கே’ என்று மட்டும் கேட்கிற வரலாற்றாசிரியர் தாமறியாமலே பெட்டகத்தின் காவலாளியாகிவிடுகிறார். படத்தின் பிற்பகுதியில் கேபியின் பிறப்பைத் தேடி மருத்துவமனைப் பதிவேடுகளைப் புரட்டும் அலிசியாவின் கையில் உருப்படியான தாள் எதுவும் சிக்குவதில்லை. மாணவனிடம் அவள் கேட்ட அதே கேள்வி திரும்பிவந்து அவள் முன்னால் நிற்கிறது.

இன்னொன்று. கடலில் மறைந்துபோன ஓர் உடலைப் பற்றிய பாடத்தை 1985இல் திரையில் வைத்திருக்கிறார்கள். கைதிகளை மயக்கமருந்து கொடுத்து விமானத்திலிருந்து கடலிலும் லா பிளாட்டா ஆற்றிலும் வீசினார்கள் என்பது அப்போதே உயிர்தப்பியவர்களின் வாக்குமூலங்களில் இருந்தது. 1995இல் முன்னாள் கடற்படை அதிகாரி ஒருவரே அதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். திரைக்கதையை எழுதிய ஐடா போர்ட்னிக்கும் புவென்சோவும் மொரேனோவை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்பது அந்நாட்டுப் பார்வையாளர்களுக்கு விளக்காமலே விளங்கியிருக்கும்.


சாம்பல்குருவி எழுதியது:

கரும்பலகை ஐயாவின் வாசிப்பை மதிக்கிறேன். ஆனால் இந்தப் படத்தின் மீது எனக்கு நெடுநாள் மனக்குறை ஒன்று உண்டு. அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

படம் அர்ஜென்டினாவில் 1985 ஏப்ரல் தொடக்கத்தில் வெளியாயிற்று. அதே ஏப்ரல் 22 அன்று, ஆட்சிபுரிந்த ஒன்பது இராணுவத் தளபதிகள் மீதான வழக்கு விசாரணை தொடங்கியது. டிசம்பரில் முதல் இராணுவ ஆட்சிக்குழுவின் தலைவர் விதேலாவுக்கும் அதன் கடற்படைத் தளபதி மஸ்ஸேராவுக்கும் ஆயுள்தண்டனை கிடைத்தது, நால்வர் விடுதலையானார்கள். நாடே தன்னைத்தானே கண்ணாடியில் பார்க்க வேண்டியிருந்த அந்த ஆண்டில், நடுத்தர வர்க்கத்துக்கு ஒரு வாக்கியம் அவசரமாகத் தேவைப்பட்டது: ‘எங்களுக்குத் தெரியாது.’ அந்த வாக்கியத்துக்கு ஓர் அழகிய முகத்தை அலிசியா கொடுத்தாள் என்பது என் குற்றச்சாட்டு. அவள் அழும்போது அரங்கில் இருந்தவர்கள் தங்களுக்காகவும் அழுது, கழுவப்பட்டவர்களாக வெளியே வந்திருப்பார்கள்.

யாரைப் பற்றி இந்தப் படம் பேசவில்லை என்பதையும் பாருங்கள். எழுத்தாளர் எர்னஸ்தோ சபாத்தோ தலைமையில் அமைந்த விசாரணை ஆணையம் 1984இல் கொடுத்த அறிக்கை, 8,900க்கும் மேற்பட்டவர்கள் காணாமல் ஆக்கப்பட்டதைப் பதிவுசெய்தது. மனித உரிமை அமைப்புகள் 30,000 என்கின்றன. அந்த அறிக்கையின்படியே பாதிக்கப்பட்டவர்களில் ஏறத்தாழ 30 விழுக்காட்டினர் தொழிலாளர்கள். ஆலைகளின் வாயிலிலும் தொழிற்சங்க அலுவலகங்களிலும் பிடித்துச் செல்லப்பட்டவர்கள் அவர்கள். படத்தில் ஒரு தொழிலாளி எங்கே இருக்கிறான்? வதைக்கூடமும் இல்லை, அதில் இருந்தவர்களும் இல்லை. 1977இல் தானே கடத்தப்பட்டு வதைமுகாமில் அடைக்கப்பட்டிருந்த மார்க்கோ பெச்சிஸ் 1999இல் எடுத்த ‘கராஜ் ஒலிம்போ’வில் நாம் அந்த நிலவறைக்குள் இறக்கப்படுகிறோம், மேலே தெருவில் பேருந்துகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. அந்தப் படம் யாருக்கும் அழுது ஆறுதலடைய இடம் கொடுப்பதில்லை.


நிழற்கூடம் எழுதியது:

சாம்பல்குருவி, உங்கள் குறையில் பாதியை ஏற்றுக்கொள்கிறேன். தொழிலாளர்கள் இல்லை என்பது உண்மை. ஆனால் அலிசியாவின் கண்ணீர் கழுவிவிடுகிறது என்பதை ஏற்க முடியவில்லை. அனா பேசும் அந்த இரவை மறுபடியும் பார்த்தால் நீங்களும் தயங்குவீர்கள் என்று நினைக்கிறேன்.

இரு தோழிகளும் குடித்துவிட்டு, பழைய கதை பேசி, வயிறு வலிக்கச் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். ஏன் சொல்லாமல் நாட்டைவிட்டுப் போனாய் என்று அலிசியா கேட்கிறாள். அனா அந்தச் சிரிப்பின் தொடர்ச்சியாகவே சொல்லத் தொடங்குகிறாள். வீட்டுக் கதவை உடைத்தார்கள், தலையை மூடினார்கள் என்று சொல்லும்போதும் அவள் குரலில் சிரிப்பின் மிச்சம் இருக்கிறது. அலிசியாவும் சிரித்துக்கொண்டேதான் கேட்கிறாள். எந்தச் சொல்லில் சிரிப்பு அழுகையாக மாறியது என்று நம்மால் சுட்டிக்காட்டவே முடியாது. எல்லாவற்றையும் கேட்டு முடித்த அலிசியாவின் வாயிலிருந்து வரும் கேள்வி என்ன தெரியுமா? நீ புகார் கொடுத்தாயா என்பதுதான். யாரிடம் கொடுப்பது என்று அனா திருப்பிக் கேட்கிறாள்.

அந்த ஒரு கேள்வியில் இயக்குநர் அலிசியாவை முழுவதுமாகக் காட்டிக்கொடுத்துவிட்டார். வதைத்தவனும் புகார் வாங்குகிறவனும் ஒருவனே என்பது ஏழாண்டுகளில் அவளுக்குத் தோன்றவே இல்லை. அந்த வசதியான நம்பிக்கையைக் காட்டிவிட்டு, அதை மன்னிக்கும்படி படம் நம்மிடம் கேட்டதாக எனக்குத் தோன்றவில்லை.


இருமொழி எழுதியது:

ஸ்பானிய மொழியைப் பல ஆண்டுகளாகப் படித்துவருகிறேன். இந்த உரையாடலுக்கு உதவக்கூடிய சில சொற்களைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

முதலில் தலைப்பு. ஸ்பானியத்தில் ‘இஸ்தோரியா’ என்ற ஒரே சொல் வரலாற்றையும் குறிக்கும், கதையையும் குறிக்கும். ஆகவே படத்தின் பெயரில் இரண்டு பொருள்கள் ஒருசேர நிற்கின்றன: பள்ளிப் பாடநூலில் இருக்கும் நாட்டின் அதிகாரபூர்வ வரலாறு ஒன்று, கேபி எப்படி வந்தாள் என்று அந்த வீட்டில் சொல்லப்படும் அதிகாரபூர்வக் கதை மற்றொன்று. தமிழில் வரலாறு என்றால் கதை விடுபடுகிறது, கதை என்றால் வரலாறு விடுபடுகிறது. ஆசிரியையும் தாயுமான ஒரே பெண் இரண்டையும் நம்பியிருந்தாள் என்பதைத் தலைப்பே சொல்லிவிடுகிறது.

அடுத்தது, அந்தக் காலத்தில் அர்ஜென்டினாவில் புழங்கிய ஒரு தொடர்: ‘ஆல்கோ ஆப்ரான் எச்சோ.’ ஏதாவது செய்திருப்பார்கள் என்று பொருள். பக்கத்து வீட்டுப் பையனை இரவில் இழுத்துப்போனால், கதவை மூடிக்கொண்டு உள்ளே சொல்லிக்கொண்ட வாக்கியம் அது. நம் வழக்கில் ‘நெருப்பில்லாமல் புகையுமா’ என்போமே, அதே தொனி. இந்தத் தொடரைச் சொல்கிறவருக்கு, நடந்தது தெரியும். தெரிந்ததைத் தன்மேல் ஒட்டவிடாமல் தட்டிவிடுவதற்காகத்தான் அதைச் சொல்கிறார். நிழற்கூடம் கேட்ட ‘தெரியுமா, தெரியாதா’ என்ற கேள்விக்கு இடையில் இப்படி ஒரு மூன்றாவது இடம் இருக்கிறது. அலிசியா நின்றது அங்கேதான் என்று கருதுகிறேன்.

மூன்றாவது, ‘தெசாபரேசீதோ’ என்ற சொல். மறைந்துபோனவர் என்பது அதன் நேர்ப்பொருள். 1979 டிசம்பரில் செய்தியாளர் ஒருவர் கேட்டபோது விதேலா, காணாமல்போனவர் ஒரு புதிர், அவருக்கு இருப்பு இல்லை, உயிரோடும் இல்லை, இறந்தும் போகவில்லை என்ற பொருளில் விடையளித்தார். ‘மறைந்துபோ’ என்பது தானாக நிகழும் வினை. செய்தவன் அதில் இல்லை. அந்த வசதிக்காகவே ஆட்சியாளர்களுக்கு அந்தச் சொல் பிடித்திருந்தது. பின்னர் மக்கள் அதையே செயப்படுபொருள் ஏற்கும் வினையாக வளைத்து, ‘அவரை மறைத்தார்கள்’ என்று இலக்கணத்தை மீறிப் பேசத் தொடங்கினார்கள்.


வன்னிமழை எழுதியது:

இருமொழி சொன்ன கடைசிச் செய்தியைப் படித்ததும் கை தன்னால் எழுதத் தொடங்கிவிட்டது. எங்கள் மொழியிலும் அதே வளைப்பு நடந்திருக்கிறது. இலங்கையில் தங்கள் பிள்ளைகளைத் தேடும் அம்மாமார், ‘காணாமல் போனோர்’ என்ற சொல்லை ஏற்பதில்லை. ‘காணாமல் ஆக்கப்பட்டோர்’ என்றே சொல்கிறார்கள், எழுதுகிறவர்களும் அப்படியே எழுத வேண்டும் என்று வற்புறுத்துகிறார்கள். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடர்போராட்டம் தொடங்கியபோது பதாகைகளிலும் அந்தச் சொல்தான் இருந்தது. ‘போனார்’ என்றால் அவர் தானாகப் போனார். ‘ஆக்கப்பட்டார்’ என்றால் ஆக்கியவர் ஒருவர் இருக்கிறார்.

எங்கள் வீட்டிலும் ஒரு புகைப்படம் இருக்கிறது என்பதற்கு மேல் என்னைப் பற்றிச் சொல்ல விரும்பவில்லை. படத்தில் அலிசியா முதன்முதலாக, காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் மாயோ சதுக்கத்தில் நடத்தும் ஊர்வலத்தின் அருகில் வந்து நிற்கும்போது, அந்தப் பெண்கள் சுமந்துவரும் புகைப்படங்களை அவள் பார்க்கிறாள். பலருக்கு அது பின்னணிக் காட்சி. எனக்கு அதற்கு மேல் படத்தைத் தொடர முடியவில்லை. அடுத்த நாள்தான் மிச்சத்தைப் பார்த்தேன். பெரும்பாலான படங்கள் கல்யாணத்திலோ பிறந்தநாளிலோ பள்ளியிலோ எடுக்கப்பட்டவை என்பது பார்த்தாலே தெரியும். பதாகையில் வைப்பதற்கென்று யாரும் புகைப்படம் எடுத்து வைத்திருப்பதில்லை.


மரபிழை எழுதியது:

வன்னிமழை, உங்கள் பதிவுக்குப் பதில் எழுத எனக்குத் தகுதியில்லை. படித்தேன் என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

மரபணு ஆய்வகமொன்றில் பணிபுரிகிறவள் என்பதால், படம் பேசாமல் விட்ட ஒன்றைச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். அது அலிசியா பற்றிய கேள்வியோடும் தொடர்புடையது.

1977 ஏப்ரல் 30 அன்று பதினான்கு தாய்மார் மாயோ சதுக்கத்தில் கூடினார்கள். கூட்டமாக நிற்கக் கூடாது, நடந்துகொண்டே இருங்கள் என்று காவலர்கள் விரட்டியதால் அவர்கள் சுற்றிச்சுற்றி நடந்தார்கள். வியாழக்கிழமை தோறும் நடக்கும் வழக்கம் அப்படித்தான் பிறந்தது. தலையில் அவர்கள் முதலில் கட்டிக்கொண்டது குழந்தைகளின் அணையாடைத் துணி. அதே ஆண்டு அக்டோபரில், காணாமல் ஆக்கப்பட்ட மகளோ மருமகளோ கர்ப்பிணியாக இருந்ததை அறிந்த பெண்கள் தனியே ‘பாட்டியர்’ அமைப்பைத் தொடங்கினார்கள். பிடித்துச் செல்லப்பட்ட குழந்தைகளும் சிறையில் பிறந்த குழந்தைகளுமாக ஏறத்தாழ 500 பேர் வேறு குடும்பங்களுக்குக் கொடுக்கப்பட்டார்கள் என்பது அவர்களின் கணக்கு. இரகசிய வதைமுகாமாக்கப்பட்டிருந்த, எஸ்மா என்று அழைக்கப்பட்ட கடற்படைப் பயிற்சிப் பள்ளியில் கர்ப்பிணிகளுக்கென்றே ஓர் அறை இருந்தது.

பாட்டியரின் சிக்கல் அறிவியலுக்கே புதியது. ஒரு குழந்தையின் தந்தை யார் என்று இரத்தத்தைக் கொண்டு சொல்ல அன்றைக்கு வழி இருந்தது. ஆனால் தாயும் தந்தையும் இல்லாதபோது, பாட்டியின் இரத்தத்தை மட்டும் வைத்து இவள் என் பேத்தி என்று மெய்ப்பிக்க முடியுமா? இந்தக் கேள்வியைக் கையில் ஏந்திக்கொண்டு அவர்கள் நாடு நாடாகப் போய் அறிவியலாளர்களின் கதவைத் தட்டினார்கள். மேரி கிளேர் கிங் உள்ளிட்ட மரபியலாளர்கள் அதற்கான கணக்கீட்டை உருவாக்கினார்கள். ஸ்பானியத்தில் ‘அபுவேலா’ என்றால் பாட்டி. அந்தக் கணக்கீட்டுக்கு ‘பாட்டிமைக் குறியீடு’ என்று பொருள்படும் பெயர் கிடைத்தது. 1984 டிசம்பரில் அந்த முறையால் முதல் குழந்தை தன் பாட்டியிடம் திரும்பினாள். 1987இல் சட்டம் இயற்றப்பட்டு, தேசிய மரபணுத் தரவு வங்கி உருவாயிற்று. பின்னாளில் தாய்வழியாக மட்டும் இறங்கிவரும் இழைமணி மரபணுவும் பயன்பட்டது. தாயின் தாயிடம் இருப்பது மாறாமல் பேரப்பிள்ளையிடமும் இருக்கும் என்பதால், நடுவில் இருந்தவளை அழித்துவிட்டாலும் முனைகள் இரண்டும் பொருந்திவிடும்.

இப்போது படத்துக்கு வருகிறேன். கதை நடக்கும் 1983இல் இந்தச் சோதனை இல்லை. தன் பேத்தியைத் தேடிவரும் சாரா, உணவகத்தில் அலிசியாவின் முன் எடுத்து வைப்பது சில பழைய புகைப்படங்களை மட்டுமே. சாராவின் மகள் சிறுமியாக இருந்தபோது எடுத்த படத்தில் கேபியின் முகம் அப்படியே இருக்கிறது. சட்டத்துக்கு அது சான்று ஆகாது. எனக்குத் தெரியாது, ஆதாரம் போதாது என்று சொல்லிவிட்டு அலிசியா எழுந்து வீட்டுக்குப் போயிருக்கலாம். ஊரில் ஒருவரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். வகுப்பில் ஆதாரம் கேட்ட பெண், ஆதாரமே இல்லாத இடத்தில் சாராவை நம்புகிறாள். அவள் மாறினாள் என்பதற்கு எனக்கு இதைவிடப் பெரிய அடையாளம் வேண்டாம்.


கரும்பலகை எழுதியது:

மரபிழை அம்மா எழுதியது என் பார்வையைத் திருத்திவிட்டது. ஆதாரம் என்ற கேள்வி அலிசியாவைத் தண்டிக்கத் திரும்பி வந்தது என்று எழுதியிருந்தேன். அதிலிருந்து அவள் வெளியேறும் இடத்தைக் கவனிக்கத் தவறிவிட்டேன்.

ஒரு சிறு சேர்க்கை. அலிசியாவாக நடித்த நோர்மா அலெயாந்த்ரோவும் ரொபெர்த்தோவாக நடித்த எக்தோர் ஆல்தெரியோவும் மிரட்டல்களால் நாட்டைவிட்டு வெளியேறி வாழ்ந்தவர்கள். ஆல்தெரியோ இராணுவ ஆட்சிக்கு முன்பே, வலதுசாரிக் கொலைக்குழுவின் மிரட்டலால் ஸ்பெயினில் தங்கிவிட்டவர். துரத்தப்பட்ட இருவர், துரத்தியவர்களின் வரவேற்பறையில் வசதியாக வாழ்ந்த தம்பதியராக நடித்திருக்கிறார்கள். அலெயாந்த்ரோவுக்குக் கான் திரைப்பட விழாவில் சிறந்த நடிகைக்கான விருது கிடைத்தது. அமெரிக்காவின் ஆஸ்கர் விருது இந்தப் படத்துக்குக் கிடைத்த நாள் 1986 மார்ச் 24. இராணுவம் ஆட்சியைப் பிடித்துச் சரியாகப் பத்தாண்டுகள்.


சாம்பல்குருவி எழுதியது:

நிழற்கூடம் சொன்னதற்காக அனாவின் காட்சியை நேற்றிரவு திரும்பவும் பார்த்தேன். ‘புகார் கொடுத்தாயா’ என்பது நான் நினைத்திருந்ததைவிடக் கொடுமையான கேள்வி. அந்த அளவில் என் குற்றச்சாட்டைத் தளர்த்திக்கொள்கிறேன்.

ஆனால் கதவுக் காட்சியைப் பற்றிய என் மனக்குறை அப்படியே இருக்கிறது. ரொபெர்த்தோ வீட்டுக்கு வருகிறான். கேபி வீட்டில் இல்லை. எங்கே அவள் என்று பதறுகிறான். பிள்ளை எங்கே இருக்கிறாள் என்று தெரியாமல் இருப்பது கொடுமையாக இருக்கிறதல்லவா என்று அலிசியா கேட்கிறாள். அதற்குப் பிறகு அவன் அவளை அடிக்கிறான், கதவிடுக்கில் அவள் விரல்களை வைத்து நசுக்குகிறான். அதுவரை அவன் நாம் அன்றாடம் பார்க்கும் மனிதனாக இருந்தான். மகளுக்குப் பொம்மை வாங்கிவருகிறவன், தொழில் கவிழ்ந்துவிடுமோ என்று அஞ்சுகிறவன். ஸ்பானிய உள்நாட்டுப் போரில் தோற்ற தரப்பைச் சேர்ந்த தன் முதிய தந்தையோடு உணவு மேசையில் அவன் போடும் சண்டையில்கூட அவன் பக்கத்து வலி நமக்குத் தெரிகிறது. வதைத்தவர்களோடு கைகுலுக்கியவனைப் பற்றிய படம், கடைசியில் அவனையே வதைப்பவனாக ஆக்கிவிட்டால் பார்வையாளனுக்கு வேலை எளிதாகிவிடுகிறது. விரல் நசுக்கும் கணவனை வெறுப்பது எவருக்கும் கடினமல்ல. விரல் நசுக்காமல், குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, ‘இவளுக்கு என்ன குறை வைத்தோம்’ என்று கேட்கிற ரொபெர்த்தோவை எதிர்கொள்வதுதான் கடினம். நடைமுறையில் பெரும்பாலோர் அப்படித்தான் கேட்டிருப்பார்கள்.


மரபிழை எழுதியது:

சாம்பல்குருவி கேட்கும் அந்த ரொபெர்த்தோவை நீதிமன்றங்கள் உண்மையிலேயே எதிர்கொண்டன. தான் யார் என்பதை அறிந்துகொண்ட ஒரு பெண், தன்னை வளர்த்த இருவர்மீதே வழக்குத் தொடுத்தார். 2008இல் அந்த இருவருக்கும், அவரை அவர்களிடம் ஒப்படைத்த முன்னாள் இராணுவ அதிகாரிக்கும் சிறைத்தண்டனை கிடைத்தது. வேறு சிலர் வளர்த்தவர்களைக் காட்டிக்கொடுக்க மனமின்றி இரத்தம் கொடுக்க மறுத்ததும் உண்டு. இரண்டு நிலையையும் என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. 2012இல், குழந்தைகளைப் பறித்தது தனித்தனிக் குற்றங்கள் அல்ல, திட்டமிட்டு நடத்தப்பட்ட முறைமை என்று தீர்ப்பு வந்தது. விதேலாவுக்கு ஐம்பதாண்டுச் சிறை. அடுத்த ஆண்டு அவர் சிறையிலேயே இறந்தார்.

அன்பு இருந்தது என்பது குற்றத்தை அழிக்காது என்ற இடத்துக்கு அந்த நாடு வந்துசேர முப்பதாண்டுகள் ஆயின. 1985இல் எடுத்த ஒரு படம் அதற்குள் நுழையத் தயங்கியிருந்தால் நான் அதைக் குறையாகச் சொல்லமாட்டேன்.


நிழற்கூடம் எழுதியது:

கதவுக் காட்சி எளிதாக்கிவிடுகிறது என்பதற்கு, அதற்கு அடுத்து வருவதை வைத்துப் பதில் சொல்லப் பார்க்கிறேன்.

அடித்து முடித்தவன் பதறிப்போய் அவள் கையைக் கழுவுகிறான். அப்போது தொலைபேசி ஒலிக்கிறது. ரொபெர்த்தோவின் பெற்றோர் வீட்டிலிருந்து கேபி பேசுகிறாள். தான் எப்போதும் பாடும் பாட்டைத் தந்தைக்குப் பாடிக் காட்டுகிறாள். ‘நினைவில்லை’ என்ற பெயருள்ள ஒரு நாட்டைப் பற்றி மரியா எலெனா வால்ஷ் எழுதிய சிறுவர் பாடல் அது. படம் நெடுக அவள் வாயில் இருப்பது. ரொபெர்த்தோ அதைக் கேட்டுக்கொண்டு நிற்கும் முகத்தைப் பாருங்கள். அந்த முகத்தில் இருக்கும் அன்பு பொய்யல்ல. சற்றுமுன் விரல்களை நசுக்கிய கையில்தான் தொலைபேசி இருக்கிறது. நீங்கள் கேட்ட கடினமான ரொபெர்த்தோ அந்த இடத்தில் இருக்கிறான் என்று எனக்குத் தோன்றுகிறது. வன்முறைக்குப் பிறகு வருவதால் அவனை வெறுப்பது எனக்கு இன்னும் கடினமாக இருந்தது.

முதன்முறை பார்த்தபோது நான் கவனிக்காத ஒன்றும் உண்டு. அலிசியா வீட்டைவிட்டுப் போகும்போது சாவியைக் கதவிலேயே விட்டுவிட்டுப் போகிறாள். சிறுமியாக இருந்தபோது பெற்றோர் தன்னைக் கைவிட்டுவிட்டதாக நம்பி, அவர்களுக்காகக் காத்திருந்தவள் அவள்; விபத்தில் அவர்கள் இறந்துபோனதை வெகுகாலம் கழித்தே அறிந்தாள். பாவமன்னிப்புக் கேட்கப் போன இடத்தில் அதைச் சொல்லித்தான் அழுகிறாள். பாதிரியாரோ அவள் கேள்விக்குப் பதில் சொல்லாமல் நழுவிவிடுகிறார். இல்லாத ஒரு கதையை நம்பி வளர்ந்த குழந்தை எப்படி இருக்கும் என்பதைத் தன் உடம்பாலேயே அறிந்தவள், கேபிக்கு அதையே ஐந்தாண்டுகள் செய்திருக்கிறாள். என் முதற்பதிவில் நான் கேட்ட கேள்வியை இப்போது வேறுவிதமாகக் கேட்பேன். அவளுக்கு எது தெரியும் என்பதைவிட, எதைக் கேட்டால் எதை இழக்க நேரும் என்பது அவளுக்கு முதல் நாளே தெரிந்திருந்தது. அதனால்தான் ரொபெர்த்தோ குழந்தையோடு வந்த அன்று அவள் ஒன்றும் கேட்கவில்லை.

படம் முடிகையில் கேபி தோட்டத்து ஆடுநாற்காலியில் தனியே உட்கார்ந்து அதே பாட்டைப் பாடுகிறாள். யாரிடம் போவாள் என்பதை நமக்குச் சொல்வதில்லை.


மரபிழை எழுதியது:

கேபி ஒரு கற்பனைப் பாத்திரம். ஆனால் அவள் வயதுக்காரர்கள் இப்போது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருக்கிறார்கள். 1975க்கும் 1980க்கும் இடையில் பிறந்து தம் பிறப்பைப் பற்றி ஐயம் கொண்டவர்கள் வந்து கேட்கலாம் என்று பாட்டியர் அமைப்பு இன்றும் அழைத்துக்கொண்டிருக்கிறது. 2025 ஜூலையில் 140ஆவது பேரப்பிள்ளையின் அடையாளம் உறுதியாயிற்று. தேடத் தொடங்கிய பாட்டியரில் பெரும்பாலோர் இறந்துவிட்டார்கள். அவர்கள் கொடுத்துவிட்டுப் போன இரத்தம் வங்கியில் இருக்கிறது.